‘யாரும் நுழையலாம்’ என்று சொல்பவரே மெய்ப்பிக்கட்டும்: போட்டி ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டி ஆணையங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், அந்த ஆணையங்களுக்கான சட்டங்களை இயற்றும் மக்கள் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

சந்தையில் நியாயமான போட்டியைக் காக்கும் ஆணையம் எந்த நாட்டுடையதானாலும், ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனங்கள் உங்கள் முன் வைக்கும் எதிர்வாதம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. “சந்தையில் எங்கள் பங்கு பெரிதுதான். ஆனால் உள்ளே வர யாருக்கும் தடையில்லை. நாங்கள் விலையை ஏற்றினாலோ தரத்தைக் குறைத்தாலோ உடனே வேறொருவர் வந்துவிடுவார். அந்த அச்சமே எங்களைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது” என்பதே அதன் சாரம். இந்த வாதத்தை வாய்ச்சொல் அளவில் ஏற்றுக்கொண்டு கோப்பை மூடிவிட வேண்டாம் என்றும், தடையில்லை என்று சொல்பவரின் மீதே அதை மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சுமத்துங்கள் என்றும் கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

இந்த வாதத்தின் பின்னணியில் மதிக்கத்தக்க பொருளியல் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1890இல் அமெரிக்காவில் முற்றுரிமைக்கு (ஒரு சந்தை ஒரே நிறுவனத்தின் கைக்குள் இருப்பதற்கு) எதிரான ஷெர்மன் சட்டம் வந்த காலத்திலிருந்து, 1911இல் ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனம் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது வழியாக, நெடுங்காலம் முற்றுரிமை என்பது பெரிதும் எண்ணிக்கையையும் அளவையும் வைத்தே மதிப்பிடப்பட்டது. ஒரு துறையில் எத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன, பெரிய நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்று பார்த்து முடிவுக்கு வந்தார்கள். வில்லியம் பாமோல், ஜான் பன்சார், ராபர்ட் வில்லிக் ஆகிய பொருளியலாளர்கள் 1982இல் முழு வடிவம் கொடுத்த கோட்பாடு இந்தப் பார்வையை அசைத்தது. நுழைவும் வெளியேற்றமும் முற்றிலும் தடையற்றவையாக இருந்தால், ஒரே நிறுவனம் உள்ள சந்தையிலும் விலை நியாயமாகவே இருக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். எவரும் உள்ளே வந்து, அதிக இலாபம் இருந்தால் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, நட்டமின்றி வெளியேற முடியுமானால், உள்ளே இருப்பவர் அதிக இலாபம் வைக்கவே துணிய மாட்டார் என்பது அதன் தர்க்கம். தலைகளை எண்ணுவதோடு ஆய்வு முடிந்துவிடாது என்று கற்றுக்கொடுத்ததற்காக அந்தக் கோட்பாட்டுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அது மிகக் கண்டிப்பான நிபந்தனைகளின் மேல் நிற்கும் கோட்பாடு. புதிதாக வருபவருக்குப் பழையவரிடம் உள்ள அதே தொழில்நுட்பமும் அதே செலவுக் கட்டமைப்பும் கிடைக்க வேண்டும். அவர் போட்ட முதலீட்டில், வெளியேறும்போது மீட்க முடியாமல் போகும் பகுதி ஏறக்குறைய இருக்கவே கூடாது. பழையவர் சுதாரித்துக்கொண்டு விலையைக் குறைப்பதற்கு முன்பே புதியவர் ஆதாயம் பார்த்துவிட வேண்டும். இந்த மூன்றில் கடைசி நிபந்தனையைப் பற்றித்தான் ஆணைய விசாரணைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது என்பது என் கருத்து. புதிய ஆலையைக் கட்டவும் பணியாளர்களைச் சேர்க்கவும் மாதங்கள், ஏன் ஆண்டுகள்கூட ஆகலாம். ஒரு விலையை மாற்ற ஒரு பிற்பகல் போதும். இந்த வேக வேறுபாடு இருக்கும்வரை, நுழையலாம் என்ற அனுமதிக்கும் நுழைந்து பிழைக்கலாம் என்ற நிலைக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்துகொண்டே இருக்கும்.

இக்கோட்பாட்டுக்கு உகந்த எடுத்துக்காட்டாக ஒருகாலத்தில் சொல்லப்பட்டது விமானத் துறை. 1978இல் அமெரிக்கா உள்நாட்டு விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை இயற்றியபோது, விமானம் என்பது ஓரிடத்தில் புதைந்து கிடக்கும் முதலீடு இல்லை, இன்று ஒரு தடத்தில் பறப்பதை நாளை வேறொரு தடத்துக்கு மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. விமானத்தைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் விமான நிலையத்தின் நுழைவாயில்கள், புறப்படவும் இறங்கவும் ஒதுக்கப்படும் நேரங்கள், அடிக்கடி பயணிப்போருக்கான சலுகைத் திட்டங்கள், பயணிகள் மனத்தில் பதிந்த பெயர் ஆகியவை பறப்பதில்லை. இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், இறங்கவும் புறப்படவுமான ஒரு சோடி நேர ஒதுக்கீடு 7.5 கோடி டாலருக்குக் கைமாறியதாக 2016இல் செய்தி வெளியானது. இறங்க நேரம் கிடைப்பதற்கே அவ்வளவு விலை என்றால், அங்கு நுழைவு எளிது என்று எப்படிச் சொல்ல முடியும்?

டெட்ராய்ட்டுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் இடையிலான தடத்தில் நடந்ததை உங்கள் ஆய்வாளர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். அத்தடத்தில் நார்த்வெஸ்ட் நிறுவனம் ஆதிக்கம் செலுத்திவந்தது. 1995 டிசம்பரில் ஸ்பிரிட் என்ற சிறிய நிறுவனம் நாளுக்கு ஒரே ஒரு விமானத்துடன், 49 டாலர் கட்டணத்தில் அங்கு சேவையைத் தொடங்கியது. 1996இன் நடுவில் அது இரண்டாவது விமானத்தைச் சேர்த்தபோது, நார்த்வெஸ்ட் தன் கட்டணத்தை அதே அளவுக்கு இறக்கியதோடு, கூடுதல் இருக்கைகளையும் அத்தடத்தில் கொண்டுவந்து குவித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் முடிவில் ஸ்பிரிட் விலகியது. அதன்பின் நார்த்வெஸ்ட் சேவையைக் குறைத்துக்கொண்டது. கட்டணம் பழைய நிலையையும் தாண்டி ஏறியது. வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றம் ஜூரி விசாரணைக்கே இடமில்லை என்று தள்ளிவிட, 2005இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, இது ஜூரி கேட்க வேண்டிய வழக்கே என்று சொன்னது. புதியவர் துரத்தப்பட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில், வழக்கை நடத்தலாம் என்பது மட்டுமே.

இதில் ஸ்பிரிட் அடைந்த நட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் கற்றுக்கொண்ட பாடம். அந்தத் தடத்துக்கு வரலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு நிறுவனமும், வந்தால் என்ன நேரும் என்பதைச் செலவில்லாமல் தெரிந்துகொண்டது. அவர்கள் வராமல் போனதற்கு எந்தக் கோப்பிலும் பதிவு இருக்காது. வராத போட்டியாளருக்காக வழக்குத் தொடுப்பவர் யாரும் இல்லை; அந்த இடத்தில் பொதுமக்களுக்காக நிற்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

மறுபக்கச் சான்றையும் மறைக்காமல் சொல்கிறேன். போட்டியாளர் வரக்கூடும் என்ற அச்சம் சில இடங்களில் மெய்யாகவே விலையைக் குறைக்கிறது. சவுத்வெஸ்ட் என்ற விமான நிறுவனம் ஒரு தடத்தின் இரு முனை விமான நிலையங்களிலும் செயல்படத் தொடங்கியதுமே, இன்னும் அந்தத் தடத்தில் அது ஒரு விமானம்கூட விடாத நிலையிலும், பழைய நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்தன என்று ஆஸ்டன் கூல்ஸ்பி, சாட் சைவர்சன் ஆகிய பொருளியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இது பாமோல் தரப்புக்குக் கிடைத்த வெற்றி என்று சிலர் சொல்வார்கள். நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன். அச்சுறுத்தியவர் வெளியிலிருந்து எட்டிப்பார்க்கும் அநாமதேயர் இல்லை. இரு முனைகளிலும் நுழைவாயிலும் பணியாளர்களும் பெயரும் ஏற்கெனவே பெற்றுவிட்டவர், அதாவது மீட்க முடியாத செலவில் பெரும்பகுதியை முன்பே செய்து முடித்தவர். அவரைக் கண்டு பழைய நிறுவனம் அஞ்சியது நியாயமே. ஆகவே “யாரும் வரலாம்” என்று ஒரு நிறுவனம் சொன்னால், யார் அந்த யாரும், அவர் இப்போது எங்கே நிற்கிறார், அவர் உள்ளே வர இன்னும் எவ்வளவு செலவாகும், அதில் எவ்வளவு திரும்பி வராது என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத போட்டியாளரை ஒரு போட்டியாளராகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இந்த அளவுகோல் உங்களுக்குப் புதிதும் இல்லை. நிறுவன இணைப்புகளை ஆராயும்போது, எதிர்பார்க்கப்படும் நுழைவு நிகழக்கூடியதாகவும், உரிய காலத்துக்குள் வருவதாகவும், விலையேற்றத்தை முறியடிக்கப் போதுமானதாகவும் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. உரிய காலம் என்பதற்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் என்ற வரையறையும் அதில் இருக்கிறது. அமெரிக்க நெறிகளும் இதே மூன்று சோதனைகளை வைத்திருக்கின்றன. இணைப்புகளுக்கு வைத்த இந்தக் கண்டிப்பை, ஏற்கெனவே ஆதிக்கத்தில் இருப்பவர் அதைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்று ஆராயும் வழக்குகளிலும் அதே அழுத்தத்தோடு பொருத்துங்கள் என்றே கேட்கிறேன்.

எண்ணிம (டிஜிட்டல்) சந்தைகளில் இந்த வாதம் இன்னும் உரத்த குரலில் ஒலிக்கிறது. சர்வர்களை வாடகைக்கு எடுக்கலாம், மென்பொருளை வீட்டிலிருந்தே எழுதலாம், பயனர் வேறு சேவைக்கு மாற ஒரு சொடுக்குப் போதும் என்கிறார்கள். இவை அனைத்தும் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால், உலாவிகளிலும் கைபேசிகளிலும் தன் தேடுபொறியே இயல்பிருப்பாக, அதாவது பயனர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டாலும் தானே அமைந்திருப்பதாக, இருக்க வேண்டும் என்பதற்காக 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் 2,600 கோடி டாலருக்கும் மேல் பிறருக்குக் கொடுத்தது ஏன்? ஒரு சொடுக்கில் மக்கள் மாறிவிடுவார்கள் என்றால் இயல்பிருப்புக்கு அந்த விலை இருந்திருக்காது. இது தொடர்பாக அமெரிக்காவில் நடந்த வழக்கில், கூகுள் தேடல் சந்தையில் முற்றுரிமை கொண்டிருக்கிறது, அதைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் சொல்வதைவிட அவர்களின் கணக்குப் புத்தகம் சொல்வது நம்பகமானது. நுழைவைத் தடுக்க ஒரு நிறுவனம் எவ்வளவு செலவிடுகிறது என்பதே, நுழைவு எவ்வளவு எளிது என்பதற்கு நல்ல அளவுகோல்.

மெய்ப்பிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மீது வைப்பது நியாயமற்றது, வெற்றியைத் தண்டிப்பது என்ற எதிர்ப்பு எழும். இதற்கு ஐரோப்பாவின் எண்ணிமச் சந்தைச் சட்டம் நடைமுறையில் பதில் தந்திருக்கிறது. ஒன்றியத்துக்குள் மாதம் 4.5 கோடிப் பயனர்கள் போன்ற அளவுகளைத் தாண்டிய தளத்தை, எதிர்ச்சான்று தரப்படும்வரை, வாயிற்காவலர், அதாவது பிற நிறுவனங்கள் பயனர்களை அடையத் தாண்டியாக வேண்டிய வாயிலைக் கையில் வைத்திருப்பவர், என்று அச்சட்டம் கொள்கிறது. 2023 செப்டம்பரில் ஆறு நிறுவனங்கள் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான, டிக்டாக்கை நடத்தும் பைட்டான்ஸ், தான் பழைய பெருநிறுவனங்களுக்குச் சவால் விடும் புதியவன் என்று வாதிட்டது. 2024 ஜூலையில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் ஆப்பிளின் ஐமெசேஜும் மைக்ரோசாஃப்டின் பிங், எட்ஜ், விளம்பரச் சேவை ஆகியவையும் ஆராயப்பட்டு அந்தப் பட்டியலுக்கு வெளியே விடப்பட்டன. மெய்ப்பிக்க முடிந்தவர்கள் விடுபட்டார்கள். முடியாதவர்கள் உள்ளே இருக்கிறார்கள். இதில் அநீதி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆணையத்திடம் இல்லாத தரவுகள் எல்லாம் நிறுவனத்திடம் இருக்கும்போது, அவற்றை எடுத்து வைத்து வாதிட வேண்டியவர் நிறுவனம்தான்.

இணைப்புகளைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். நுழைவு என்ற அச்சுறுத்தலை ஒழிக்க இன்று மலிவான வழி, நுழையக்கூடியவரை வாங்கிவிடுவது. ஃபேஸ்புக் 2012இல் இன்ஸ்டகிராமை 100 கோடி டாலருக்கும், 2014இல் வாட்ஸ்ஆப்பை 1,900 கோடி டாலருக்கும் வாங்குவதாக அறிவித்தபோது, வாங்கப்பட்ட நிறுவனங்களின் வருவாய் மிகச் சிறிது. எந்த இணைப்பை ஆராய்வது என்பதை வருவாயை மட்டுமே பார்த்து முடிவுசெய்யும் வலைகளில் இத்தகைய மீன்கள் சிக்குவதில்லை. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2017இலும், இந்தியா 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம் 2,000 கோடி ரூபாய் என்ற அளவிலும், ஒப்பந்த மதிப்பையே வரம்பாகக் கொண்டுவந்தது சரியான திருத்தம். அதே சமயம், இணைப்பைத் தடுத்துவிட்டால் போட்டி தானே பிழைத்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. மேலே சொன்ன அதே ஸ்பிரிட்டை ஜெட்புளூ என்ற மற்றொரு விமான நிறுவனம் வாங்குவதை 2024 ஜனவரியில் நீதிமன்றம் தடுத்தது. அந்த நவம்பரிலேயே ஸ்பிரிட் திவால் பாதுகாப்பு கோரியது. தடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. நேர ஒதுக்கீடும் நுழைவாயிலும் எட்டாத தொலைவில் இருக்கும்வரை, தனித்து நிற்கச் சொல்வதால் மட்டும் சிறியவர் நின்றுவிட மாட்டார் என்கிறேன்.

இங்கேதான் உங்கள் பணியின் ஆக்கபூர்வமான பக்கம் தொடங்குகிறது. நுழைவு எளிதாக இருக்கிறதா என்று அளப்பதோடு நில்லாமல், அதை எளிதாக்கும் அதிகாரமும் அரசுகளிடம் இருக்கிறது. மின்கம்பி வலையமைப்பு, எரிவாயுக் குழாய், இருப்புப்பாதை போன்றவற்றை இரட்டிப்பாக அமைப்பது வீண்செலவு. அவை இயற்கையான முற்றுரிமைகள். அங்கே விலை உச்சவரம்பு தேவை. 1983இல் பொருளியலாளர் ஸ்டீவன் லிட்டில்சைல்ட் பிரிட்டிஷ் தொலைத்தொடர்புக்காக, பணவீக்க அளவிலிருந்து ஒரு பங்கைக் கழித்து விலையைக் கட்டுப்படுத்தும் முறையைப் பரிந்துரைத்தபோது, போட்டி வந்து சேரும்வரைக்குமான இடைக்கால ஏற்பாடாகவே அதைக் கருதினார். எந்தப் பகுதியில் போட்டி வரவே முடியாது, எந்தப் பகுதியில் வர முடிந்தும் தடுக்கப்படுகிறது என்று பிரித்தறிவதில்தான் ஒழுங்குபடுத்துவோரின் திறமை இருக்கிறது.

அந்தப் பிரிப்புக்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஒரு தொலைபேசிக் கருவியைப் பற்றியது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம், கம்பிகளை மட்டுமல்லாமல் அவற்றின் முனையில் உள்ள கருவியையும் தன் உடைமையாகவே வைத்திருந்தது. வேறு யாருடைய பொருளையும் அதில் இணைக்கக் கூடாது என்பது அதன் விதி. பேசுபவரின் குரல் அருகில் இருப்போர் காதில் விழாமல் இருக்க வாய்ப்பகுதியில் பொருத்தும் கிண்ணம் போன்ற ஹஷ்-எ-ஃபோன் என்ற சாதாரணப் பொருளைக்கூட அது எதிர்த்தது. கம்பியைத் தொடாத, மின்சாரம் இல்லாத அந்தப் பொருள் வலையமைப்புக்குக் கேடு என்று வாதிட்டது. அரசின் தொலைத்தொடர்பு ஆணையமும் அதை ஏற்றது. 1956இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அந்த முடிவை ரத்து செய்தது. பிறகு 1968இல், இருவழி வானொலியைத் தொலைபேசியோடு இணைக்கும் கார்ட்டர்ஃபோன் வழக்கில், வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத எந்தக் கருவியையும் இணைக்கலாம் என்று அதே ஆணையம் அறிவித்தது. கம்பி ஒருவருடையதாகவே இருந்தது. யாரும் இரண்டாவது கம்பியைப் போட வேண்டியிருக்கவில்லை. முனையில் இருந்த இணைப்புக்கான விதி மட்டும் மாறியது. பதில்பதிவுக் கருவிகளும், தொலைநகல் பொறிகளும், பின்னாளில் வீட்டுக் கணினிகளை இணையத்தோடு சேர்த்த மோடம்களும் அந்த விதியின் வழியாகவே வந்தன. அந்நிறுவனம் 1984இல் பிரிக்கப்பட்டதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்னர் வந்த இந்தச் சிறிய ஆணை அதற்கு இணையாகப் பேசப்பட வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம். செய்திச் செயலிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும், தரவைக் கையோடு எடுத்துச் செல்லும் உரிமை பயனருக்கு வேண்டும், நிறுவனம் மாறினாலும் எண் மாறாத வசதி வேண்டும் என்று இன்று கேட்கப்படுவதெல்லாம் அந்த ஆணையின் வழித்தோன்றல்களே.

ஆணையிட்டால் போதாது, கண்காணிக்கவும் வேண்டும். 2009இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் பயனர்கள் தங்களுக்கு வேண்டிய உலாவியைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்டுவதாக ஐரோப்பிய ஆணையத்திடம் உறுதியளித்தது. 2011 முதல் 2012 வரை ஏறத்தாழ 14 மாதங்கள், சுமார் 1.5 கோடிப் பயனர்களுக்கு அந்தத் திரை காட்டப்படவே இல்லை. 2013இல் அதற்காக 56.1 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் பெரிதுதான், ஆனால் அந்த 14 மாதங்களில் பயனர்களைப் பெற்றிருக்கக்கூடிய சிறிய உலாவிகளுக்கு அந்தத் தொகையில் ஒரு காசும் போகவில்லை, இழந்த காலமும் திரும்பவில்லை.

ஒழுங்குபடுத்தும் அமைப்பு காலப்போக்கில் தான் ஒழுங்குபடுத்த வேண்டிய துறையின் பார்வைக்கே பழகிவிடும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1971இல் எச்சரித்ததை நீங்கள் அறிவீர்கள். அதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. ஆனால் எளிதாகச் செய்யக்கூடிய ஒன்றை உங்களிடம் கேட்க முடியும். “புதியவர்கள் நுழைவார்கள், ஆகவே தீங்கில்லை” என்று காரணம் காட்டி நீங்கள் அனுமதித்த ஒவ்வொரு இணைப்பையும், கைவிட்ட ஒவ்வொரு விசாரணையையும் தனியே பட்டியலிடுங்கள். முடிவெடுத்து மூன்று ஆண்டுகள் ஆனதும், அந்தச் சந்தைக்கு உண்மையில் யார் வந்தார்கள், எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தார்கள், விலையும் தரமும் என்ன ஆயின என்று பார்த்து, முடிவை எடுத்த அலுவலர்களைக் குறைகூறும் நோக்கமின்றி, மக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். நுழைவு வந்திருந்தால் நிறுவனங்களின் வாதம் வலுப்பெறும். வராவிட்டால் அடுத்த முறை அதே வாதத்தோடு வருபவரிடம் நீங்கள் காட்ட ஒரு பதிவு இருக்கும். இதற்குப் புதிய சட்டம் பெரும்பாலும் தேவைப்படாது. கோப்புகள் உங்களிடமே இருக்கின்றன.

அந்தப் பட்டியலின் முதல் பகுதி எந்த மாதத்தில் வெளிவரும் என்பதை உங்கள் அடுத்த ஆண்டறிக்கையில் குறிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போட்டிப் பொருளியலைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு குடிநபர்